நெயில் டிரில் மெஷினை நகம் கெடாமல் கையாளும் முறை

விரல் நகத்தின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதன் அடியில் நரம்புகளும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் நிறைந்த சதை இருக்கிறது. தோல் மடிப்புக்குள் மறைந்தபடி நகத்தை உருவாக்கும் வேர் இருக்கிறது. நிமிடத்திற்கு 30,000 சுற்றுகள் வரை சுழலக்கூடிய ஒரு கருவியை அந்த மெல்லிய தகட்டின்மேல் வைக்கிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்த்துத் தொடங்க வேண்டும். விரல் நகம் மாதத்திற்கு 3 மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். ஒரு நகம் அடியிலிருந்து நுனிவரை முழுவதும் புதிதாக வர ஆறு மாதம்வரை ஆகும். கால் பெருவிரல் நகத்திற்கு 12 முதல் 18 மாதம்வரை ஆகும். அரை நிமிட அவசரத்தில் விழுந்த பள்ளம் அத்தனை காலமும் வாடிக்கையாளரின் கையில் தெரியும்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் பல ஊர்களில் உள்ள பார்லர்களில் இப்போது விளக்கொளியில் கெட்டியாகும் ஜெல் பாலிஷும், தூளும் திரவமும் கலந்து செய்யும் அக்ரிலிக் நகமும் கேட்டு வருகிறார்கள். கல்யாண மாதங்களில் மணப்பெண்ணுக்கும் அவளுடைய அக்கா தங்கைகளுக்கும் ஒரே நாளில் நகம் செய்து முடிக்க வேண்டி வரும்போது, கையால் ராவி முடிப்பது இயலாத காரியம். முறையாகப் பிடித்தால் மெஷின் நகத்திற்கும் கெடுதல் செய்யாது, வேலை செய்பவரின் மணிக்கட்டையும் காப்பாற்றும். ஆனால் அது எதற்காக என்பதில் தெளிவு வேண்டும். நகத்தின்மேல் நாம் பூசிய பொருளைக் குறைக்கவும் வடிவமைக்கவுமே டிரில் மெஷின் இருக்கிறது. இயற்கை நகத்தைத் தேய்க்கும் வேலை அதற்கு அநேகமாக இல்லை. கீழே சொல்லப்படும் எல்லா முறைகளும் இந்த ஒன்றைச் சார்ந்தே வருகின்றன.

மெஷினும் பிட்டும்

மரத்திலும் உலோகத்திலும் வேலை செய்வதற்கென்று ஹார்டுவேர் கடைகளில் விற்கும் சுழல் கருவிகளை நகத்தில் வைக்கவே கூடாது. விலை குறைவு என்பதற்காகச் சிலர் அவற்றை வாங்குகிறார்கள்; அவற்றின் அதிர்வும் வேகமும் நகத்திற்காகக் கணக்கிடப்பட்டவை அல்ல. பேனா வடிவத்தில் யுஎஸ்பி ஒயருடன் வரும் சிறிய மெஷின்கள் வீட்டில் ஒருவர் தம் நகத்தை மெருகேற்றிக்கொள்ளப் போதுமானவையாக இருக்கலாம். நாள் முழுவதும் தொழில் செய்வதற்கு அவை ஏற்றவை அல்ல. அவற்றில் பலவற்றுக்குச் சுழலும் வலு குறைவு. மெஷினின் நுனியில் மாட்டும் தேய்க்கும் முனையான பிட் நகத்தில் பட்டதும் வேகம் இறங்கிவிடும், வேலை நடக்கவில்லையே என்று கை தன்னையறியாமல் அழுத்தும், அந்த அழுத்தம்தான் சூட்டையும் பள்ளத்தையும் உண்டாக்கும். ஆகவே மெஷின் வாங்கும்போது அதிகபட்ச வேகம் எத்தனை ஆயிரம் என்று மட்டும் கேட்காமல், நகத்தில் வைத்த பிறகும் வேகம் இறங்காமல் சுழல்கிறதா, கைப்பிடி அதிர்கிறதா, வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, முன்னும் பின்னும் சுழல்கிறதா என்று கடையிலேயே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

பிட்டின் தண்டு பெரும்பாலான நக மெஷின்களில் 2.35 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதை உள்ளே முழுவதும் செலுத்திப் பூட்டிய பிறகே மெஷினை ஓடவிட வேண்டும். பாதி நுழைந்த பிட் சுழலும்போது வளையும், சில சமயம் தெறித்தும் போகும். புதிய பிட்டை மாட்டியவுடன் நகத்தில் வைக்காமல், குறைந்த வேகத்தில் காற்றில் சுழலவிட்டு, பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து அதன் நுனியைக் கவனியுங்கள். நேரான பிட் நின்றபடி இருப்பதாகவே தோன்றும். விளிம்பு தெளிவாகத் தெரியும். விளிம்பு மங்கலாகி, பிட் தன் அளவைவிடத் தடிமனாகத் தோன்றினால் தண்டு வளைந்திருக்கிறது, அல்லது கைப்பிடியின் உள்ளே தேய்மானம் வந்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட பிட் ஒவ்வொரு சுற்றிலும் நகத்தை ஒருமுறை தட்டும். நிமிடத்திற்கு 10,000 சுற்றில் அது 10,000 தட்டு. கீழே விழுந்த பிட்டை எடுத்து அப்படியே மாட்டுபவர்கள் இந்த ஒரு காரணத்திற்காகவாவது அந்தப் பழக்கத்தை விட வேண்டும். அழுக்கு என்பது இன்னொரு காரணம்.

கார்பைடு பிட் பற்களால் செதுக்கும். அக்ரிலிக்கையும் கெட்டியான ஜெல்லையும் குறைக்க அது உதவும், இயற்கை நகத்தில் ஒருபோதும் படக் கூடாது. வைரத்தூள் பதித்த பிட் சுரண்டித் தேய்க்கும். நகத்தின் அடியில் தோல் வந்து சேரும் க்யூட்டிக்கிள் பகுதிக்கும் கால் தோலுக்கும் அதில் வெவ்வேறு வடிவங்கள் உண்டு. செராமிக் பிட்டும் பூசிய பொருளைக் குறைப்பதற்கே. தாள் வளையமாக வரும் சேண்டிங் பேண்ட் ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் பயன்பட்டுக் குப்பைக்குப் போக வேண்டியது. அதைக் கழுவிச் சுத்தம் செய்ய வழியே இல்லை. வைர பிட்டின் தண்டில் உள்ள வண்ண வளையம் பொதுவாக மஞ்சள் என்றால் மிக மென்மை, சிவப்பு மென்மை, நீலம் நடுத்தரம், பச்சை கரடு, கறுப்பு மிகக் கரடு. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இது மாறக்கூடும் என்பதால் வண்ணத்தை மட்டும் நம்பாமல் செயற்கை நகமான ஒரு பிளாஸ்டிக் டிப்பில் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துவது நல்லது. மழுங்கிய பிட்டை வைத்துக்கொண்டு சிக்கனம் பார்ப்பது இந்தத் தொழிலில் செய்யக் கூடாத சிக்கனம். அது வெட்டாது, சூடாக்கும்.

உட்காரவைப்பதற்கு முன்

பாலிஷ் நிறத்தைக் கேட்பதற்கு முன் உடல்நிலையைக் கேட்க வேண்டும். "ஏதாவது நோய் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் நம் ஊரில் பெரும்பாலான அம்மாமார் "ஒண்ணுமில்ல" என்றே சொல்வார்கள். பல வருடமாக இருக்கும் சர்க்கரையை அவர்கள் நோயாகவே கருதுவதில்லை. "சுகருக்கு மாத்திரை போடுறீங்களாம்மா? இதயத்துக்கோ ரத்தம் உறையாம இருக்கவோ மாத்திரை இருக்கா? பாதத்துல மரத்த மாதிரி இருக்கா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் உண்மை வெளிவரும். சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவருக்கு மெஷின் சுடுவது தெரியாது; சிறு காயம் ஆறாத புண்ணாக மாறக்கூடும். அவர்களுடைய பாதத்தில் டிரில் மெஷினைப் பயன்படுத்தவே வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் செய்யக் கூடாது.

அடுத்து நகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தடித்து மஞ்சளாகி நொறுங்கும் நகம் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். பச்சை நிறம் படிந்திருந்தால் தூக்கிக்கொண்ட ஜெல்லின் அடியில் ஈரம் தங்கிப் பாக்டீரியா வளர்ந்திருக்கலாம். விரலின் ஓரம் சிவந்து வீங்கியிருந்தால் நகச்சுற்று. இந்த மூன்றிலும் மெஷினை எடுக்கக் கூடாது; மேலே ஜெல் பூசி மறைக்கவும் கூடாது. பூஞ்சை பிடித்த நகத்தை அரைத்தால் அந்தத் தூள் அறை முழுவதும் பறக்கும், நம் மூக்கிலும் போகும். ஆசாரிபள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தங்கள் பகுதியில் உள்ள தோல் மருத்துவரிடமோ காட்டிவிட்டு வரும்படி கனிவாகச் சொல்லி அனுப்ப வேண்டும். ஒரு நாள் வருமானம் போகலாம். அந்த வாடிக்கையாளர் நம்மை நம்பித் திரும்பி வருவார்.

மணப்பெண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோவாளைப் பிச்சியும் மல்லிகையும் நீளமாகத் தொங்கவிட்டு, தோளில் துப்பட்டாவும் இருக்க, அவர் மேஜைமேல் குனிந்து தன் நகத்தைப் பார்க்க விரும்புவார். சுழலும் தண்டில் ஒரு முடியோ, பூச்சரத்தின் நாரோ, துப்பட்டாவின் நூலோ சுற்றிக்கொண்டால் மெஷின் அதை இழுத்துச் சுருட்டிவிடும். முடியைப் பின்னால் முடிந்து, துப்பட்டாவை எடுத்து வைத்து, கழுத்துச் சங்கிலியை உள்ளே விட்ட பிறகே தொடங்க வேண்டும். இது வேலை செய்பவருக்கும் பொருந்தும்; பின்னலை முன்னால் விட்டுக்கொண்டு, சேலைத் தலைப்பைச் செருகாமல் மெஷினைப் பிடிக்கக் கூடாது. கால் ஊறவைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் மெஷின் பெட்டியையும் கால் மிதியையும் வைக்கக் கூடாது என்பதையும், ஈரக் கையால் பிளக்கைத் தொடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிடி, திசை, வேகம், அழுத்தம்

கைப்பிடியைப் பேனா பிடிப்பதைப் போல நுனிக்கு அருகில் பிடித்து, சுண்டு விரலையோ மோதிர விரலையோ வாடிக்கையாளரின் கைமேல் ஊன்றிக்கொள்ள வேண்டும். அவருடைய கை அசைந்தால் நம் கையும் சேர்ந்து அசையும், பிட் சறுக்காது. மற்றொரு கையால் வேலை நடக்கும் விரலை இருபுறமும் உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓரச் சதையைப் பெருவிரலால் சற்று இழுத்துப் பிடித்தால் பிட் சதையில் படாது.

மெஷினை முதலில் ஓடவிட்டு, அது வேகம் பிடித்த பிறகு நகத்தில் மெதுவாக இறக்க வேண்டும். நகத்தில் வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டால் பிட் துள்ளும். நிறுத்தும்போதும் முதலில் தூக்கி, பிறகு நிறுத்த வேண்டும். சுழன்றுகொண்டிருக்கும்போது பூட்டைத் திறப்பதும், முன்சுழற்சியிலிருந்து பின்சுழற்சிக்கு மாற்றுவதும் மெஷினையும் கெடுக்கும், கையையும் கெடுக்கும்.

வலக்கைக்காரர் முன்சுழற்சியில் வைத்து வலமிருந்து இடமாக நகர்த்த வேண்டும். இடக்கைக்காரர் பின்சுழற்சியில் வைத்து இடமிருந்து வலமாக நகர்த்த வேண்டும். பிட் சுழலும் போக்கிற்கு எதிராக நகர்த்துகிறோம் என்பதே இதன் பொருள். திசை தவறினால் கைக்கு உடனே தெரியும்: பிட் நம்மைக் கேட்காமல் நகத்தின்மேல் ஓடும், ஓரச் சதையை நோக்கிப் பாயும். ஒவ்வொரு இழுப்பும் குறுகியதாக இருக்க வேண்டும். ஒரு முனையில் தொட்டு, மறு முனையில் தூக்கி, மீண்டும் தொடங்கிய இடத்தில் தொட வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்க்கும் பழக்கம் கையரம் பிடித்தவர்களுக்கு இயல்பாக வரும்; அதை மறந்தால்தான் இந்த வேலை கைவரும்.

பிட்டின் உடல் நகத்தின்மேல் படுத்திருக்க வேண்டும். நுனியை மட்டும் சாய்த்துக் குத்தினால், முக்கியமாகக் க்யூட்டிக்கிளுக்கு அருகில், அரைவட்டமாக ஒரு சிவந்த கோடு விழும். பள்ளம் எனப்படுவது பெரும்பாலும் இதுதான். நகம் அந்த இடத்தில் மிகவும் மெலிந்து, கீழே உள்ள சதையின் நிறம் தெரியத் தொடங்கிவிட்டது என்பதே அந்தச் சிவப்பு. நகம் வளர வளர அந்தக் கோடு மேலே நகரும், நுனிக்கு வரும்போது அங்கேயே ஒடியும். இதற்குத் திருத்தம் கிடையாது. வளர்ந்து போகும்வரை காத்திருக்க வேண்டும், அதன்மேல் மீண்டும் மெஷின் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேகத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: மெதுவாக ஓடினால் பாதுகாப்பு, வேகமாக ஓடினால் ஆபத்து என்று. செய்யும் வேலைக்குப் பொருந்தாத குறைந்த வேகமும் ஆபத்துதான், ஏனென்றால் அப்போது பிட் வெட்டாமல் பிடிக்கும், கை அழுத்தும். க்யூட்டிக்கிள் பகுதியில் நிமிடத்திற்கு 3,000 முதல் 5,000 சுற்று, பூசிய ஜெல்லை எடுக்க 10,000 முதல் 15,000, அக்ரிலிக்கின் கனத்தைக் குறைக்க 15,000 முதல் 20,000 என்பது பொதுவாகக் கற்றுத்தரப்படும் அளவு. மெஷினும் பிட்டும் மாறினால் இது கொஞ்சம் முன்பின் ஆகும். புதிதாகக் கற்பவர்கள் ஒவ்வொன்றிலும் கீழ் அளவிலிருந்து தொடங்க வேண்டும். பிட் துள்ளினாலோ இழுத்தாலோ அழுத்தத்தைக் கூட்டாமல் வேகத்தைச் சிறிது கூட்டிப் பார்க்க வேண்டும். அழுத்தம் என்பது கைப்பிடியின் எடையே போதும். அதற்குமேல் நாம் சேர்க்க வேண்டியது ஏதுமில்லை.

"சுடுதுக்கா" என்று வாடிக்கையாளர் சொன்னால் அந்தக் கணமே தூக்கிவிட வேண்டும். "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, இப்ப முடிஞ்சிரும்" என்று சொல்வது பார்லரில் ஒருபோதும் கேட்கக் கூடாத வார்த்தை. சூடு என்பது நகத்தின் அடிச்சதையான நகப் படுக்கை நமக்குக் கொடுக்கும் முதல் எச்சரிக்கை. அதை மீறித் தொடர்ந்தால் நகம் படுக்கையிலிருந்து விடுபட்டுத் தூக்கிக்கொள்ளலாம். நம் பெண்களில் பலர் கூச்சத்தால் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். விரலை மெல்லப் பின்னால் இழுப்பார்கள், அல்லது கால் விரல்களை மடக்கிக்கொள்வார்கள். அவர்கள் முகத்தையும் அந்தச் சிறிய அசைவையும் கவனிப்பது நம் பொறுப்பு. தொடங்கும்போதே "லேசா சுட்டாலும் சொல்லிருங்க, நான் நிறுத்திருவேன்" என்று சொல்லி வைத்தால் அவர்களுக்குத் தயக்கம் இருக்காது.

இந்தக் கை எப்படி வரும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். ஒரு பிளாஸ்டிக் டிப்பைப் பென்சிலின் முனையில் ஒட்டி, அதன்மேல் மார்க்கர் பேனாவால் நெருக்கமாகக் கோடுகள் போட வேண்டும். மெஷினால் அந்தக் கோடுகளை மட்டும் அழிக்க வேண்டும். அடியில் உள்ள பிளாஸ்டிக்கில் கீறல் தெரியக் கூடாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எங்கே அழுத்தினோம், எங்கே பிட்டைச் சாய்த்தோம் என்பது வரிவரியாகத் தெரியும். கீறல் இல்லாமல் கோடு அழியும்வரை இன்னொருவர் விரலைத் தொடாமல் இருப்பது நியாயம்.

ஜெல்லும் அக்ரிலிக்கும் எடுத்தல்

கரையக்கூடிய ஜெல்லாக இருந்தால் மெஷினால் மேல்பூச்சின் பளபளப்பை மட்டும் எடுத்துவிட்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து ஃபாயில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் விட வேண்டும். பிறகு மரக்குச்சியால் மெல்லத் தள்ளினால் வரும். வராத இடத்தில் மீண்டும் ஊறவைக்க வேண்டும், சுரண்டக் கூடாது. அக்ரிலிக்கும் கனம் குறைத்த பிறகு அசிட்டோனில் ஊறும். கெட்டி ஜெல் அசிட்டோனில் கரையாது. அதை மெஷினால்தான் குறைக்க வேண்டும். அப்போது முழுவதையும் எடுக்க முயலாமல், அடிப்பூச்சில் மெல்லிய ஒரு படலத்தை நகத்தின்மேல் விட்டுவிட வேண்டும். அந்தப் படலம் நகத்திற்குக் காவல். தூளின் நிறமும் இதைக் காட்டும்: பூசிய நிறத்தில் வந்த தூள் வெளுத்து மாறத் தொடங்கினால் அடிப்பூச்சுக்கு வந்துவிட்டோம் என்று அறிந்து பிட்டை மாற்றவோ நிறுத்தவோ வேண்டும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் திறந்த கிண்ணத்தை மெஷினுக்கு அருகில் வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது.

அசிட்டோனில் எவ்வளவு நேரம் வைத்தாலும் கரையாத, இயல்புக்கு மீறிக் கெட்டியான அக்ரிலிக்கைக் கண்டால் அது மெத்தில் மெத்தாக்ரிலேட் எனப்படும் எம்எம்ஏ திரவத்தால் செய்யப்பட்டதாக இருக்கலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1970களிலேயே அந்தத் திரவத்தை முழுமையாகக் கொண்ட நகப் பொருள்களுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. விலை குறைவு என்று அதை வாங்க வேண்டாம். அதை எடுக்கும்போதுதான் மெஷினை வேகமாகவும் அழுத்தியும் ஓட்டத் தோன்றும், இயற்கை நகமும் அதோடு சேர்ந்து போகும்.

க்யூட்டிக்கிள் பகுதியில்

நகத்தின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் செத்த மெல்லிய படலம் வேறு, நகத்தின் வேரை மூடியிருக்கும் உயிருள்ள தோல் மடிப்பு வேறு. முன்னதை எடுக்கலாம், பின்னதைத் தொடக் கூடாது. ரீல்ஸில் காட்டும் ரஷ்யன் மெனிக்யூரைப் பார்த்துவிட்டு, தோல் மடிப்பை முழுவதும் வெட்டி எடுத்துத் தரும்படி இளம் பெண்கள் கேட்கிறார்கள். முறையான பயிற்சியும், அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்த கருவிகளும் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்கிறது, வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது; காற்றில் ஈரம் குறைவதே இல்லை. மீன் கழுவுவதும் பாத்திரம் தேய்ப்பதும் துணி துவைப்பதுமாகப் பெண்களின் கை எப்போதும் தண்ணீரில் இருக்கிறது. வேரை அடைத்துக் காக்கும் அந்த மடிப்பைத் திறந்துவிட்டு அவர்களை அடுக்களைக்கு அனுப்பினால் நகச்சுற்று வருவதற்கு நாமே வழி செய்ததாகும். சிவப்பு அல்லது மஞ்சள் வளையமுள்ள தீச்சுடர் வடிவப் பிட்டைக் குறைந்த வேகத்தில் நகத்திற்கு இணையாக வைத்து, செத்த படலத்தை மட்டும் தூக்கிவிட்டு, க்யூட்டிக்கிள் எண்ணெய் வைத்து முடிப்பது போதும்.

பாதத்தில்

மணலிலும் பாறையிலும் வெறுங்காலோடு நடப்பவர்கள், கருவாடு உலர்த்துபவர்கள், அதிகாலையில் ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கப் போகிறவர்கள் என நம்மிடம் வரும் பலருடைய குதிகால் தடித்து வெடித்திருக்கும். அந்தத் தடிப்பு அவர்கள் பாதத்தைக் காக்கும் கவசமும்கூட. அதை இளஞ்சிவப்பாகத் தெரியும்வரை அரைத்து எடுத்துவிட்டால் மறுநாள் அவர்களால் வலியில்லாமல் நடக்க முடியாது. மேலாக உள்ள கரட்டை மட்டும் எடுத்து, தொட்டால் சமமாக இருக்கும் அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். நாளைக்கு அவர் எங்கே, எதன்மேல் நடப்பார் என்று கேட்டுவிட்டு அளவைத் தீர்மானிப்பது இன்னும் நல்லது.

மெஷின் வேலை உலர்ந்த பாதத்தில் நடக்க வேண்டும். ஊறிய தோல் மென்மையாகிப் பிட்டில் சிக்கும், எவ்வளவு எடுத்தோம் என்றும் தெரியாது. ஆகவே முதலில் கழுவித் துடைத்து உலர்த்தி மெஷின் வேலையை முடித்துவிட்டு, ஊறவைப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பித்தவெடிப்பில் வெடிப்பின் இரு கரைகளிலும் எழும்பி நிற்கும் கெட்டித் தோலை வெடிப்புக்கு இணையாக மெல்லக் குறைக்க வேண்டும். வெடிப்புக்குள் பிட்டை விடக் கூடாது, குறுக்கே இழுத்தால் வெடிப்பு கிழியும். இரத்தம் கசியும் வெடிப்பில் கை வைக்கவே கூடாது. தோலை விரலால் இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஓரிடத்தில் நிற்காமல் நகர வேண்டும். முடிந்தபின் யூரியா கலந்த கிரீம் தடவி, வீட்டில் தினமும் இரவில் தடவச் சொல்ல வேண்டும். பிளேடால் சீவும் பழைய வழக்கத்தை மெஷினோடு சேர்த்துச் செய்ய வேண்டாம். சதைக்குள் வளைந்து வளர்ந்த நகத்தைத் தோண்டி எடுப்பது மருத்துவரின் வேலை.

தூள்

இந்தத் தொழிலில் நாற்பது வயதுக்குள் இருமலும் கை அரிப்பும் வந்து அவதிப்படக் கூடாது என்று விரும்பும் எவரும் தூளை அலட்சியம் செய்யக் கூடாது. முழுமையாக உறையாத ஜெல்லிலும் அக்ரிலிக்கிலும் உள்ள அக்ரிலேட்டுகள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். பல் அடைக்கப் பயன்படும் சில பொருள்களும்கூட அதன்பின் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். துணி முகக்கவசமும் சாதாரண நீலநிற முகக்கவசமும் நுண்தூளைத் தடுக்கப் போதாது. முகத்தில் இறுகப் பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும். அதுவும் தூளைத்தான் தடுக்கும், அசிட்டோன், அக்ரிலிக் திரவ வாடையைத் தடுக்காது என்பதால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மேஜையில் வாடிக்கையாளரின் கைக்கு அருகிலேயே தூள் உறிஞ்சியை வைத்து, அதன் வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். மேலே மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டால் உறிஞ்சிக்கு முன் தூள் முகத்துக்கு வந்துவிடும். வெயில் காலத்தில் இது கடினம் என்று தெரியும், ஆனால் விசிறியின் காற்று மேஜையில் படாதபடி இடத்தை மாற்றிக்கொள்ளலாம். தூளை வாயால் ஊதுவதை முற்றிலும் கைவிட வேண்டும். கண்ணாடி அணிய வேண்டும். நைட்ரில் கையுறை அணிய வேண்டும். வாடிக்கையாளருக்கும் ஒரு முகக்கவசம் கொடுக்க வேண்டும்.

பிட்டைச் சுத்தம் செய்தல்

ஒருவருக்குப் பயன்படுத்திய பிட்டை ஸ்பிரிட்டால் ஒரு துடை துடைத்துவிட்டு அடுத்தவருக்கு மாட்டுவது சுத்தம் ஆகாது. முதலில் அசிட்டோனில் ஊறவைத்து ஒட்டியிருக்கும் ஜெல்லைக் கரைத்து, சிறு பிரஷால் சோப்பும் தண்ணீரும் கொண்டு பற்களுக்கிடையே தேய்க்க வேண்டும். தூள் ஒட்டியிருந்தால் எந்தக் கிருமிநாசினியும் அதனடியில் எட்டாது. பிறகு கருவிகளுக்கான கிருமிநாசினிக் கரைசலில், அதன் புட்டியில் குறிப்பிட்டுள்ள நேரம், பெரும்பாலும் 10 நிமிடம், முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும். அதன்பின் கழுவி, நன்றாக உலர்த்த வேண்டும். ஆட்டோகிளேவ் இருந்தால் 121 டிகிரி செல்சியஸில் வைப்பதே சிறந்தது. அந்தச் சூட்டைத் தாங்கும் பிட்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நீல வெளிச்சம் வரும் யூவி பெட்டி சுத்தம் செய்த கருவியை வைத்திருக்கப் பயன்படலாம். அழுக்கான கருவியை அது சுத்தமாக்கிவிடாது. இந்த வேலைக்கெல்லாம் நேரம் வேண்டும் என்பதால் ஒரே ஒரு செட் பிட்டை வைத்துக்கொண்டு தொழில் நடத்த முடியாது. ஒன்று ஊறும்போது இன்னொன்று தயாராக இருக்கும்படி குறைந்தது மூன்று நான்கு செட் வேண்டும்.

இரத்தம் வந்துவிட்டால் உடனே நிறுத்தி, புதிய கையுறை அணிந்து, சுத்தமான காஸ் துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றதும் கழுவி, கிருமிநாசினி மருந்து வைத்துக் கட்ட வேண்டும். மஞ்சள்பொடியோ காபிப்பொடியோ வைக்கக் கூடாது. அந்த விரலில் அன்று வேறு எதுவும் செய்யக் கூடாது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, உலர்ந்த இரத்தத்தில்கூட, குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். எனவே அந்தப் பிட்டைத் தனியே எடுத்து ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும், அல்லது எறிந்துவிட வேண்டும். ஆட்டோகிளேவ் இல்லாதவர்கள் எறிந்துவிடுவதே சரி. நாமும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

குளச்சலிலும் முட்டத்திலும் கடற்கரையை ஒட்டிக் கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. உப்புக் காற்றில் பிட்டின் தண்டு சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த தண்டு கைப்பிடியின் உள்ளே சரியாக அமராது, பூட்டும் இறுகாது. உலர்த்திய பிட்டுகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைத்து, வாரத்திற்கு ஒருமுறை தண்டுகளைத் துடைத்துப் பார்க்க வேண்டும். கைப்பிடியைத் தண்ணீரில் நனைக்காமல், ஒவ்வொருவருக்கும் பிறகு கிருமிநாசினித் துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, பூட்டுக்குள் தூள் போகாதபடி ஒரு சுத்தமான பிட்டை மாட்டி மூடி வைக்க வேண்டும். ஓடும்போது சத்தம் மாறினாலோ, கைப்பிடி வழக்கத்துக்கு மாறாகச் சூடானாலோ, விரல் மரத்துப்போகும் அளவுக்கு அதிர்ந்தாலோ, அன்றைய வேலையைக் கையரத்தால் முடித்துவிட்டு மெஷினைச் சர்வீசுக்குக் கொடுத்துவிட வேண்டும்.